இரண்டு ரோலர், ஒரு பைப் ஜாடி: வீட்டில் செய்யும் பால் மில் எவ்வளவு தேறும்?

மண்பாண்டக் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு), சாயக்கல், கனிமத்தூள் என்று எதையாவது மைபோல் அரைத்தே ஆக வேண்டியவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் பால் மில் (ball mill), அதாவது குண்டுகளால் அரைக்கும் ஆலை. மிக்ஸியில் குவார்ட்ஸைப் போட்டால் குவார்ட்ஸ் அரைபடுமுன் பிளேடு தேய்ந்துவிடும். கல்வத்தில் இடித்தால் கை ஓய்ந்துபோகும், தூளில் பாதி 100 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு நூறு கண்) சல்லடையிலேயே தங்கிவிடும். பால் மில்லோ நாள் முழுக்க ஓடினாலும் அலுக்காது. ஜாடிக்குள் குண்டுகளும் அரைக்க வேண்டிய பொருளும் இருக்கும். ஜாடி சுழலும்போது குண்டுகள் சுவரோடு ஏறி, சரிந்து விழுந்து பொருளை நசுக்கும், தேய்க்கும். இயந்திரம் அவ்வளவுதான்.

இங்கே மதிப்பிடுவது அதன் மிக எளிய வடிவம்: 110 மி.மீ பிவிசி பைப்பில் வெட்டிய ஜாடி, அதைத் தாங்கிச் சுழற்றும் இரண்டு ரப்பர் ரோலர்கள், ஒரு சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார். ஒரு தடவைக்கு அரைக் கிலோ அரைப்பதற்கு இது நல்ல இயந்திரம். கணக்கு சரியாகப் போட்டுச் செய்தால் 200 மெஷ், அதாவது 75 மைக்ரான், சுலபமாக வரும். பொறுமை இருந்தால் 325 மெஷ்ஷும் வரும். ஆனால் பலர் பணத்தை மோட்டாரில் கொட்டிவிட்டுக் குண்டுக்குக் கண்ணாடிக் கோலியைப் போடுகிறார்கள். அப்படிச் செய்தது ஆலை இல்லை, கிலுகிலுப்பை. கஞ்சத்தனம் காட்டுவதானால் மோட்டாரில் காட்டுங்கள்.

ஏன் என்று கணக்கே சொல்லும். உள்விட்டம் 104 மி.மீ, நீளம் 200 மி.மீ உள்ள ஜாடியின் கொள்ளளவு 1.7 லிட்டர். அதில் பாதிக்கு இரும்புக் குண்டு போட்டால் எடை சுமார் 4 கிலோ. இவ்வளவையும் நிமிடத்துக்கு நூறு சுற்று உருட்ட உண்மையில் தேவைப்படுவது 10 முதல் 15 வாட். பேரிங் உராய்வு, பெல்ட் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் 1/8 குதிரைத்திறன் மோட்டார் தாராளம். அரை குதிரைத்திறன் மோட்டாரை மாட்டியவர்களுக்கு அதிகப்படியாகக் கிடைப்பது சத்தமும் சூடும்தான்.

மோட்டார் தேர்வில் முக்கியம் வேறு: பல மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். கார் வைப்பர் மோட்டாரைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அது நிமிடத்துக்கு 45 முதல் 65 சுற்று சுற்றக்கூடியது. அதை நேராக ரோலரில் மாட்டினால் 22 மி.மீ ரோலர் 110 மி.மீ ஜாடியை ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும். ஜாடி நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றில் சோம்பேறித்தனமாக உருளும், எதுவும் அரையாது. தையல் மெஷின் மோட்டார் நேர் எதிர்: வேகம் ஆயிரக்கணக்கில், கார்பன் பிரஷ் வேறு. விட்டுவிட்டு ஓடுவதற்குச் செய்ததை எட்டு மணி நேரம் ஓட்டினால் கருகும். மேசை மின்விசிறி மோட்டாரில் இறக்கையைக் கழற்றியதும் அதைக் குளிர்வித்த காற்றே போய்விடுகிறது. அதோடு அதன் புஷ், பெல்ட் பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தாங்காது. பழைய அரைத் தானியங்கி வாஷிங் மெஷினின் துவைக்கும் மோட்டார் பரவாயில்லை, கிடைத்தால் எடுக்கலாம். ஆனால் அதுவும் சில நிமிடம் ஓடி நிற்கப் பழகியது, சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் நம்பகமானது நிமிடத்துக்கு 1440 சுற்றுள்ள நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார்தான், தொடர்ந்து ஓடத் தகுந்தது என்று தகட்டிலேயே அச்சிட்டிருக்கும் வகை.

அடுத்தது வேகம். ஜாடி ஒரு எல்லைக்கு மேல் வேகமாகச் சுற்றினால் குண்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், விழவே விழாது. அந்த எல்லைக்குப் பெயர் மாறுநிலை வேகம். கணக்கு இது: ஜாடியின் உள்விட்டத்திலிருந்து குண்டின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 423ஐ அதால் வகுக்க வேண்டும். 10.4 செ.மீ ஜாடி, 1.5 செ.மீ குண்டு என்றால் மீதி 8.9, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.98, விடை நிமிடத்துக்கு 142 சுற்று. ஓட்ட வேண்டியது அதில் 65 முதல் 75 சதவீதம். உலர் அரைப்புக்கு 70 பக்கம், தண்ணீரில் அரைத்தால் 65 பக்கம் வைப்பது நல்லது. நம் ஜாடிக்கு 92 முதல் 106 சுற்று.

இதை ரோலருக்கு மாற்றுவோம். 12 மி.மீ ஷாஃப்டின் மேல் 5 மி.மீ சுவருள்ள அழுத்த ஹோஸைச் செருகினால் ரோலரின் வெளிவிட்டம் 22 மி.மீ. மோட்டாரில் 50 மி.மீ புல்லி, ரோலரில் 150 மி.மீ புல்லி. 1440 மூன்றில் ஒன்றாகி 480, அது ஐந்தில் ஒன்றாகி ஜாடிக்கு 96. மாறுநிலை வேகத்தில் 68 சதவீதம், கச்சிதம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் அதே வகை மோட்டார் 1725 சுற்று ஓடும். அங்கே ரோலரில் 180 மி.மீ புல்லி வேண்டும்.

ஷாஃப்டில் 8 மி.மீ கம்பியும் 608 பேரிங்கும் போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. 35 செ.மீ இடைவெளியில் அந்தக் கம்பி 5 கிலோ ஜாடியின் கீழ் அரை மில்லிமீட்டருக்கு மேல் வளையும், குண்டுகள் விழும் அதிர்வில் இன்னும் ஆடும். 12 மி.மீ ஷாஃப்டில் அந்த வளைவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதற்குப் பொருத்தம் 6001 பேரிங்: துளை 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மி.மீ. இரண்டு பக்கமும் ரப்பர் அடைப்பு உள்ளதையே வாங்க வேண்டும். இரும்புத் தகடு அடைப்பின் இடுக்கில் தூள் நுழைந்துவிடும்.

இரண்டு ரோலர்களின் மையத்துக்கு மையம் எவ்வளவு தூரம்? ஜாடியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ரோலருக்கும் இடையே 60 பாகைக் கோணம் இருந்தால் ஜாடி ஆடாமல் உட்காரும். அந்தக் கோணத்துக்குத் தூரம் ஜாடியின் ஆரமும் ரோலரின் ஆரமும் கூட்டியது: 55 கூட்டல் 11, மொத்தம் 66 மி.மீ. இதைவிட மிக நெருக்கி வைத்தால் ஜாடி மேலேறிக் கவிழும். மிக அகற்றினால் ஆப்பு இறங்குவதுபோல் ரோலர்களைப் பிளந்து பேரிங்கை அழுத்தும்.

முதன்முறை செய்பவர்கள் இடறும் இடம் இந்த 66 மி.மீதான். கடையில் கிடைக்கும் கால் வைத்த பேரிங் கட்டைகள் இரண்டை இவ்வளவு நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்த முடியாது, கால்கள் மோதும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளி வைக்கலாம். அதைவிட 18 மி.மீ பிளைவுட் பலகை இரண்டில் 28 மி.மீ ஹோல்-சாவால் துளையிட்டுப் பேரிங்கை நேராக இறக்குவது மேல். இரண்டு பலகைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவ்வி ஒரே தடவையில் துளையிட்டால் ரோலர்கள் தாமாகவே இணையாக அமையும். இன்னொன்று: ரோலரில் மாட்டும் புல்லியின் ஆரம் 75 மி.மீ, பக்கத்து ஷாஃப்டோ 66 மி.மீ தூரத்தில். ஆகவே புல்லி பலகைக்கு வெளியே வர வேண்டும், இரண்டாவது ஷாஃப்ட் பலகையோடு முடிந்துவிட வேண்டும். ஷாஃப்டின் உயரமும் அடிப்பலகையிலிருந்து 85 மி.மீக்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் புல்லி தரையை உரசும். வெட்டுவதற்கு முன் தாளில் முழு அளவில் வரைந்து பார்த்தால் இந்த மூன்றும் உடனே கண்ணில் படும்.

ஏ வகை வி-பெல்ட் 50 மி.மீ புல்லியில் அளவுக்கு மீறி மடிந்து சூடாகும். உட்பக்கம் பல்போல வெட்டிய பெல்ட் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. மோட்டாரின் அடியில் நீளத் துளை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஒரு செ.மீ அமுங்கும்படி இழுத்துக் கட்டினால் போதும். புல்லியை ஷாஃப்டோடு பிடித்துவைக்கும் முளைத் திருகு அதிர்வில் கழலும். ஷாஃப்டில் அரத்தால் ஒரு தட்டை வெட்டி அதன்மேல் இறுக்கி, திருகுப் பசையும் வைக்க வேண்டும். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மேல் ஒரு மூடு பெட்டி கட்டாயம். கவனிக்க ஆளில்லாமல் ஓடும் இயந்திரம் இது, வீட்டில் சிறுவர்களின் விரல்கள் இருக்கும்.

ஜாடி உருளும்போது மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ரோலர்கள் முழுக்க இணையாக இல்லாததுதான் காரணம், ரசமட்டம் சரியில்லாததும் சேரும். இதை முழுக்க ஒழிக்க முடியாது. ஜாடியின் இரு முனையிலும் உரசித் தடுக்க ஒரு சிறு பேரிங்கைப் படுக்கவைத்துத் திருகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. திருகுத் தலையையே தடுப்பாக விட்டால் ஒரே இரவில் மூடியில் பள்ளம் விழும்.

இப்போது ஜாடி. ஒரு முனையில் மூடியைச் சால்வென்ட் சிமென்ட் வைத்து நிரந்தரமாக ஒட்டி, 24 மணி நேரம் காயவிட வேண்டும். மறுமுனைக்கு மிகச் சிறந்தது நடுத் திருகை முறுக்கினால் விரிந்து அடைக்கும் ரப்பர் அடைப்பான். திருகு மூடியும் ஆகும், ஆனால் புரிகளில் தூள் புகுந்து நாளடைவில் சிக்கிக்கொள்ளும். குழிவான மூடி வேண்டாம். அந்தக் குழியில் குண்டு எட்டாத மூலையில் பொருள் பதுங்கிக்கொள்ளும். எட்டு மணி நேரம் அரைத்த மாவில் திடீரென்று பரல் தட்டுப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒட்டிய மூடி பைப்பைவிடச் சுற்றிலும் 4 மி.மீ அளவுக்குப் புடைத்திருக்கும். ஹோஸின் 5 மி.மீ சுவர் அதைவிட ஒரு மி.மீ உயரம் என்பதால் மூடி ஷாஃப்டைத் தொடாமல் தப்புகிறது. ஆகவே ஹோஸின் நீளம் இரு மூடிகளுக்கும் இடையே உள்ள பைப்பின் நீளத்துக்குள் அடங்க வேண்டும். உங்கள் மூடியின் புடைப்பு அதிகமென்றால் தடித்த ஹோஸ் போட்டு, புல்லிக் கணக்கை மறுபடி போடுங்கள்.

பிவிசியின் உட்சுவர் வழவழப்பு. குண்டுகள் மொத்தமாக வழுக்கிக் கீழேயே கிடக்கும், ஜாடி மட்டும் சுற்றும். 7 மி.மீ உயரமுள்ள மூன்று பிவிசி பட்டைகளை நீளவாட்டில் உள்ளே ஒட்டினால் குண்டுகள் ஏறி விழும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு மில் சரியில்லை என்று குறை சொல்பவர்கள்தான் அதிகம். உட்புறம் ரப்பர் பூசிய ஜாடி கிடைத்தால் பட்டை தேவைப்படாது, சத்தமும் பாதியாகும். ஆனால் ரப்பர் தேய்ந்து கரும்புள்ளி விழும். சூளையில் சுடும் கிளேஸுக்கு அது பொருட்டில்லை, எரிந்துபோகும். வெளிர்நிறச் சாயத்துக்கு ஆகாது. பிவிசியும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். அரைப்பு முடிந்து சல்லடையில் வெள்ளைத் துணுக்காக நிற்பது அதுதான். தூய்மையே முக்கியம் என்றால் பீங்கான் ஜாடி வாங்குவதைத் தவிர வழி இல்லை.

குண்டுக்கு வருவோம். தேர்வு இரண்டு கேள்விகளில் முடிகிறது: அரைக்கும் பொருளைவிடக் கடினமானதா, தேய்ந்து கலந்தால் பரவாயில்லையா? கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கிளேஸில் சேரும் கனிமமான ஃபெல்ட்ஸ்பார் 6, கண்ணாடி ஐந்தரைதான். கண்ணாடிக் கோலி தானே அரைபட்டு, செதில் பெயர்ந்து, ஊசிபோன்ற துணுக்குகளாக உங்கள் மாவில் கலக்கும். பேரிங் இரும்புக் குண்டு கனமானது, வேலை வேகமாக நடக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் துருப்பிடித்து வெள்ளைக் கிளேஸில் பழுப்புப் புள்ளி போடும். 304 ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது. தேய்ந்த துகளைக் காந்தத்தால் எடுக்கவும் முடியாது. ஈயக் குண்டை யார் சொன்னாலும் தொடாதீர்கள், அதன் தூள் நஞ்சு.

கிளேஸ், கனிமம், சாயம் மூன்றுக்கும் பொருந்துவது அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு பீங்கான் குண்டு. மோஸ் 9, தேய்ந்தாலும் வெள்ளை. அடர்த்தி 3.6தான், இரும்பில் பாதிகூட இல்லை. அதனால் நேரம் கூடப் பிடிக்கும், கெடுதல் எதுவும் இல்லை. நம் ஜாடிக்கு 1.8 கிலோ வேண்டும். சிர்கோனியா என்னும் இன்னொரு பீங்கான் குண்டின் அடர்த்தி 6, தேய்மானமும் மிகக் குறைவு, விலைதான் இடிக்கும். ஒரே அளவில் வாங்காமல் 20, 15, 10 மி.மீ என்று கலந்து, நடு அளவைப் பாதியாக வைப்பது நல்லது. பெரியது பரலை உடைக்கும், சிறியது மாவாக்கும். உள்ளே போகும் பொருளை முதலில் 2 மி.மீக்குக் கீழே இடித்துச் சலித்துவிட வேண்டும். ஐந்து மி.மீ கல் துண்டைப் போட்டால் குண்டு அதன் மேல் உருண்டுகொண்டே இருக்கும், உடைக்காது.

நிரப்பும் அளவு: குண்டு ஜாடியில் பாதி, பொருள் கால் பங்கு. குண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 40 சதவீதம், அதை நிரப்பிக் குண்டின் தலையை லேசாக மூடும் அளவு அது. நம் ஜாடிக்குத் தூளாக 425 மி.லி. அதிகம் போட்டால் பொருளே மெத்தையாகி அடியை வாங்கிக்கொள்ளும். குறைத்துப் போட்டால் குண்டும் குண்டும் மோதித் தேயும். தண்ணீரில் அரைப்பதானால் 500 கிராம் பொடிக்கு 230 முதல் 250 மி.லி தண்ணீர், கெட்டியான தயிர்ப்பதம். அதைவிட இறுகினால் குண்டுகள் சேற்றில் மாட்டியதுபோல் நகராது.

நிரப்பியது சரிதானா என்று காது சொல்லும். சரியான ஓட்டத்தில் கூழாங்கல் சரிவில் இடைவிடாமல் உருள்வதுபோன்ற ஒரே சீரான இரைச்சல் கேட்கும். டக் டக்கென்று உலோக ஒலி வந்தால் பொருள் குறைவு. மொத்தென்று அமுங்கிய ஒலியானால் பொருள் அதிகம், அல்லது ஈரத்தில் சுவரோடு அப்பிக்கொண்டது. சத்தமே இல்லையென்றால் வேகம் மிஞ்சிக் குண்டுகள் சுவரோடு சுற்றுகின்றன. உலர் அரைப்பில் அப்புவதுதான் பெரிய தலைவலி. பொருளில் ஓரிரு சதவீதம் ஈரம் இருந்தாலே வந்துவிடும். 110 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஆறவிட்டுப் போட்டால் பெரும்பாலும் தீரும்.

தண்ணீரில் அரைப்பதே நல்லது என்பதற்கு இன்னொரு காரணம் தூசி. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ், அது ஆறாத நோய். உலர்ந்த தூளை அரைத்தால் ஜாடியை உடனே திறக்காமல் அரை மணி நேரம் அடங்கவிட்டு, என்95 முகமூடி போட்டு, திறந்தவெளியில் திறக்க வேண்டும். சிந்தியதை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. கரியை அரைத்தால் நெருப்பே அருகில் கூடாது. புதிதாக அரைத்த கரித்தூள் காற்றுபட்டுத் தானாகச் சூடேறும், அதையும் தண்ணீரிலேயே அரைப்பது பாதுகாப்பு. அலுமினியம், மெக்னீசியம் போன்ற உலோகத்தூளும், எரிபொருளும் ஆக்சிஜன் தரும் உப்பும் கலந்த எந்தக் கலவையும் இந்த ஜாடிக்குள் போகவே கூடாது. குண்டின் ஒரு அடி போதும், ஜாடி வெடிகுண்டாகிவிடும். கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்து வாயு வரும் கலவையையும் மூடிய ஜாடியில் போடாதீர்கள்.

கற்களைப் பீப்பாயில் உருட்டி மெருகேற்றும் டம்ளர் என்ற சிறு இயந்திரத்தை ஆயத்தமாக வாங்கி இதற்குப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களுக்கு: அதன் ரப்பர் பீப்பாய் அருமை, ஓட்டம் போதாது. கற்கள் மெல்லப் புரளட்டும் என்று வேகத்தைக் குறைத்தே செய்திருப்பார்கள். இரும்புக் குண்டு நிரப்பினால் சிறு மோட்டார் சூடாகி நிற்கும், பெல்ட் அறும். பீப்பாயை மட்டும் எடுத்து, மேலே சொன்ன கணக்குப்படி புல்லியை மாற்றி இந்த ரோலரில் வைத்தால் இரண்டிலும் நல்லது ஒன்றாகச் சேரும்.

எவ்வளவு நேரம் அரைப்பது என்பதைக் கடிகாரம் சொல்லாது, சல்லடைதான் சொல்லும். அலுமினாக் குண்டில் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலவைக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்கு ஒரு தடவை 100 கிராம் கூழை எடுத்து 200 மெஷ்ஷில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலே நின்றதை உலர்த்தி எடை போட்டுக் குறித்துவைத்தால் அடுத்த முறைக்கு வழிகாட்டும். கிளேஸை ரொம்பவும் அரைக்கக் கூடாது. அளவு மீறிய மாவு காயும்போது அதிகம் சுருங்கி வெடித்து, சூளையில் அங்கங்கே சுருண்டு மண்ணைக் காட்டிவிடும்.

முடிந்ததும் குண்டோடு சேர்த்துப் பெரிய கண் சல்லடையில் கவிழ்த்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அலசினால் கூழ் இறங்கிவிடும். அடுத்து வேறு நிறம் அரைப்பதற்கு முன் ஜாடியில் ஒரு பிடி ஆற்று மணலும் தண்ணீரும் போட்டு அரை மணி நேரம் ஓட்டிக் கொட்டுங்கள். இருபது தடவைக்கு ஒருமுறை குண்டுகளை உலர்த்தி எடை பாருங்கள். செதில் பெயர்ந்ததையும் தட்டையானதையும் எடுத்துவிட்டு, குறைந்த எடைக்குப் பெரிய குண்டாகவே சேருங்கள். சிறியவை தேய்மானத்தில் தாமாகவே உண்டாகிக்கொண்டிருக்கும்.